வினோலியாவின் கதையில் நான் நீக்கிய வரி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. நாகல் நகரில் என் பக்கத்து வீட்டு வினோலியா, வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று சொன்னது. ஒரு மருத்துவமனையின் கணினிகளையும் தொலைபேசிகளையும் கட்டி மேய்ப்பது அவள் வேலை. இரண்டும் ஒரே இணைப்பில் ஓடுகின்றன. பழனிக் கிளையையும் அவள் திண்டுக்கல்லிலிருந்தே பார்க்க வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு வினோலியாவின் வயிற்றில்... வேண்டாம். எல்லாக் கதையிலும் வயிறுதான் கலங்குகிறது.

2

பழனி ரூட்டரில், யாரை உள்ளே விடுவது என்ற விதி ஒன்றை இங்கிருந்தே மாற்றினாள். (                    ) எண்டர் தட்டினாள். திரை உறைந்தது. புதிய விதி அவளையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

"அக்கா, பழனிக்கு ரிங்கே போகல," என்றான் உடன் வேலை செய்யும் இனிகோ.

"போனும் அதே லைன்லதானப்பா ஓடுது! ரிசப்ஷன் பிள்ளைக செல்லுக்கு அடி."

"டூட்டில செல்ல பூட்டி வைக்கச் சொல்லிட்டாங்கள்ல."

புது விதியை அவள் இன்னும் சேமிக்கவில்லை; ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் பழைய விதிகளோடு எழுந்துவிடும். ஆனால் அங்கே யாரும் தொடமாட்டார்கள். 'சிஸ்டம் நின்றால் எதையும் தொடாதீர்கள், நாங்கள் அழைப்போம்' என்று சுவரில் ஒட்டியவளே வினோலியாதான். அவர்கள் அவள் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். காரில் போனாலும் ஒன்றரை மணி நேரம். ஆம்புலன்ஸ் எண்ணும் அந்த இணைப்பில்தான் இருந்தது.

3

கீரனூர் சோலைமலையை நானாகச் சேர்த்தேன். பதற்றம் போதவில்லை என்று பட்டது. அவன் அப்பாவுக்கு நெஞ்சுவலி; பழனி ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்துகிறான். வேறு எண் தேடும் நிதானம் அவனுக்கு இல்லை. "ஏனுங்க, யாராச்சும் எடுங்க" என்று ஊமையாகிவிட்ட போனிடம் கெஞ்சுகிறான்.

எழுதியபின் அவனை நீக்கப் பார்த்தேன், மனசு வரவில்லை. அவனுக்குப் பெயர் வைத்துவிட்டேன், ஓர் அப்பாவையும் கொடுத்துவிட்டேன்.

4

இதுவரை எழுதியதை வினோலியாவிடம் காட்டினேன்.

"ஏண்ணே, எண்டர் தட்டுறதுக்கு முன்னாடி டைமர் போட்டேன்னு சொன்னேன்ல? அத எங்க காணோம்?"

சொல்லியிருந்தாள். 'பத்து நிமிடத்தில் நான் தடுக்காவிட்டால் நீயாகவே அணைந்து எழு' என்று ரூட்டருக்கு முன்கூட்டியே கட்டளை கொடுப்பது அவள் பழக்கம். பழக்கமென்பதால், அன்று கொடுத்தோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்து, பத்து நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். கொடுத்துத்தான் இருந்தாள்.

"கதை சப்புன்னு போயிரும்மா. அதான் எடுத்துட்டேன்."

"அம்புட்டுதானாண்ணே? அப்ப அந்தாளோட அப்பா?"

5

அந்த வரியைச் சேர்த்தால் கதை கெட்டுவிடும் என்று உள்ளே ஒருவன் இன்னும் முணுமுணுக்கிறான். அவனை நம்பி ஒரு மனிதரை நெஞ்சுவலியோடு கிடத்தி வைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டாம் பகுதியில் அடைப்புக்குறிக்குள் இடம் விட்டிருக்கிறேன். ஒரு வரிக்குப் போதும். ஒன்பதாவது நிமிடம் நடக்கிறது. சோலைமலை மறுபடியும் எண்ணை அழுத்துகிறான்.