செல்லதுரையின் நாற்பத்தெட்டு கிலோ

1979ஆம் வருஷம் சித்திரை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பகவதி கோவில் துலாபாரத் தட்டில், செல்லதுரையின் எடை பதினோரு கிலோ என்று தெரியவந்தது. அந்த வாரம் மிளகு விலை இறங்கியிருந்தது. கதலிப்பழம் நல்ல வரத்து. ஆள் ஐந்தரை அடி, திரண்ட தோள், உடம்பு ஒரு சுற்றும் இளைத்திருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஐம்பத்தொன்பது கிலோ இருந்தவன்.

செல்லதுரை உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மிளகுக் கிட்டங்கியில் தராசுக்காரனாகச் சேர்ந்தவன். அங்கே தராசுக்காரன் வேலை நிறுப்பதோடு முடியாது, கூவ வேண்டும். சரக்குக்காரர் பேரை முதலில், எடையை அடுத்து, தெருமுனை வரை கேட்கும்படி. கூவியபின் அந்தச் சரக்கு அந்தப் பேருக்கு உரியது. முதலாளியே வந்தாலும் பேச்சில்லை. கூவாத சரக்கு யாருடையதும் இல்லை. செல்லதுரை கூவினால் படகுத்துறைக் கொக்குகள் எழும்பும் என்பார்கள். நாளைக்கு நூறு பேர் பேரைக் கூவுகிறவன், பெண்டாட்டியை மட்டும் 'இந்தா' என்றான். மூத்தவள் பேச்சி பிறந்தபின் 'பேச்சிம்மா' என்றான். சந்துக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள், ரேஷன் கடைக்காரனும் அதையே. அவள் பேர் அங்கம்மாள்.

இளையவன் சங்கரலிங்கத்துக்கு எட்டாம் மாதத்தில் கக்குவான் இருமல் வந்தது. இருமி இருமி முகம் நீலம் பாரித்துவிடும். பக்கத்து வீட்டு கங்கா, துலாபாரம் நேர்ந்துகொள், பிள்ளையைத் தட்டில் வைத்து எடைக்கு எடை பழம் கொடுத்தால் போதும் என்றாள். அங்கம்மாளுக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. ஆறு கிலோப் பிள்ளைக்கு ஆறு கிலோப் பழம் என்றால் அம்மன் என்ன நினைப்பாள்? பிள்ளையின் அப்பனையே நிறுத்துப் போடுகிறேன் என்று நேர்ந்துவிட்டாள். இப்படி யாரடி நேர்வாள் என்று கங்கா தலையில் அடித்துக்கொண்டாள். வாய்விட்டது விட்டதுதான். பிள்ளைக்குச் சுகமாயிற்று. செல்லதுரைக்குத்தான் சுகமில்லாமல் போனது. இந்த வெள்ளி வேண்டாம், அடுத்த வெள்ளி, சரக்கு வந்திருக்கிறது, இடுப்புப் பிடிப்பு. மூன்று மாதம் இப்படிப் போயிற்று. நேர்த்தி நிறைவேறாமல் பிள்ளை தும்மினாலும் அங்கம்மாள் மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து வைத்தாள். கடைசியில் இழுத்துக்கொண்டுதான் போனாள்.

கோவிலில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினான். வேட்டிக்குள் இடுப்பைச் சுற்றி, கிட்டங்கியின் ஐந்து கிலோ எடைக்கற்கள் நாலைக் கயிற்றில் கட்டியிருந்தான். தட்டில் ஏறும்போது கயிறு அறுந்தது. கருங்கல் தரையில் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்று பூசாரி மேல்சாந்தியின் கட்டைவிரலுக்கு அரை விரல் தள்ளி. எதிர்த்தட்டில் ஒரு குலை பழம் வைத்ததும் செல்லதுரை மேலே போய்விட்டான். மேல்சாந்தி பழத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், தராசில் குறையில்லை என்றார்.

"மிச்சம் எங்க?" என்றாள் அங்கம்மாள்.

"தேவராவுல."

"எம்புட்டு நாளா?"

"ஒண்ணரை வருசமா."

"அப்ப இவன் என் வயித்துல இருக்கையிலேயே."

தட்டில் தொங்கிக்கொண்டிருந்தவன் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டான். காயலுக்கு அக்கரையில், எறணாகுளத்துத் தேவராவில் கமலாக்ஷி என்று ஒருத்தி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். புருஷன் நாணு ஷார்ஜாவில். கையில் ஒரு பெண் குழந்தை. சரக்குக் கொண்டுபோன இடத்தில் பழக்கமாம். இதெல்லாம் சந்துக்காரர்கள் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டது.

அங்கம்மாள் அழுவாள் என்று பார்த்தார்கள். அவள், என்னையும் நிறுங்கள் என்றாள். பேரும் நட்சத்திரமும் கேட்டார்கள். பிள்ளைகள் பேரைச் சொன்னாள், புருஷன் பேரைச் சொன்னாள், உன் பேர் என்ன என்று திரும்பக் கேட்டதும் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு கிலோ. பிறகு அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க, பிள்ளைகளைத் தனியே நிறுத்தார்கள். பேச்சி பதினாலு, சங்கரலிங்கம் எட்டு. கூட்டத் தெரிந்தவர்கள் விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்தார்கள். பேச்சிதான், "அம்மா கால் தரையில இல்ல" என்றாள்.

1975இல் பேச்சி பிறந்த நாள்முதல் இடுப்பில் ஒரு பிள்ளையில்லாமல் அங்கம்மாள் நின்றதில்லை. அதனால் தன் எடை போனது எந்த வருஷம் என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த நாலு வருஷமும் எண்ணிக்கொண்டே போயின. பேச்சி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள், சங்கரலிங்கம் மிச்சம். அவனும் போய்விட்டால் காலையில் பத்து மணிக்கு அவள் எங்கே இருப்பாள்? தூக்கத்தில்கூட அவன் கால் அவள்மேல் கிடக்க வேண்டும்; புரண்டுவிட்டானென்றால் பாயை இறுகப் பிடித்துக்கொள்வாள். எடைக்கல்லைக் கட்டிக்கொள்ளேன் என்றாள் கங்கா. கட்டின கல் அவிழ்ந்தால் என்ன ஆகுமென்று ஊரே பார்த்திருக்கிறது. செல்லதுரையோ கிட்டங்கித் தூணில் காலைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு வேலை பார்த்தான். குரலில் மட்டும் எடை குறையவில்லை. காயல் காற்றில் படகேற ஒருவர் கைபிடிக்க வேண்டும். எறணாகுளம் போகப் பேச்சி கைபிடித்தாள், படகில் அவனுக்கும் அரை டிக்கெட் போட்டார்கள். தேவராவுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக யாரும் முன்வரவில்லை. அந்தப் போக்குவரத்து அப்படியே நின்றது. போய் எடுத்துவா என்று அங்கம்மாளும் சொல்லவில்லை.

1983 மே மாதம் கமலாக்ஷியே வந்தாள். வாசலில் நின்றே பேசினாள்.

"சேச்சி, உங்க ஆளோட பாரம் எங்க வீட்டுக் கட்டில்ல கிடக்கு. ஆறு வருஷம் கழிச்சு ஷார்ஜாவுலேருந்து சேட்டன் வரும், ஜூன் கடைசியில. அதுக்கு முன்னால எடுத்துண்டு போகணும்."

"நாலு வருசம் வச்சு ஆண்டுட்டு, இப்பத்தான் கனக்குதாக்கும்?"

"முதல் நாள்லேருந்தே கனந்தான் சேச்சி. சொல்றதுக்கு ஒரு ஆள் வேண்டாமா?"

இதைக் கேட்டபின் அங்கம்மாள் சாயா போட்டுக் கொடுத்தாள். மறுநாள் சங்கரலிங்கத்தை இடுக்கிக்கொண்டு படகும் பஸ்ஸுமாகத் தேவரா போனாள். கட்டிலின் ஒரு கால் முறிந்திருந்தது, கீழே சிமெண்டுத் தரை வெடித்திருந்தது. பாயில் ஓர் ஆண் ஒருக்களித்துப் படுத்த பள்ளம்; ஆளில்லை. நாலு சுமட்டுக்காரர்கள் தூக்கிப் பார்த்து ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்றாள் கமலாக்ஷி. பள்ளத்தில் ஒருவர்தான் உட்காரலாம், பிள்ளையோடு முடியாது. அங்கம்மாள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பிடிச்சுக்க" என்று பிள்ளையை நீட்டினாள்.

கமலாக்ஷி ஒரு கையில் பிள்ளையை வாங்கி, மறு கையால் அங்கம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அங்கம்மாள் ஒரு சாண் எழும்பினாள், இரண்டு சாண் எழும்பினாள். வளையல் உடைந்தது, கமலாக்ஷி பிடியை விடவில்லை. மூச்சுப்பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார்த்தினாள். சாயா கொதிக்கிற நேரந்தான் ஆகியிருக்கும். பள்ளம் நிமிர்ந்து பாய் சமமாயிற்று. அங்கம்மாள் எழுந்து நின்றாள், தரையில் நின்றாள்.

"அவர்கிட்ட குடுத்துடுவேளா?" என்றாள் கமலாக்ஷி.

"வந்து கேக்கட்டும். யோசிக்கிறேன்."

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போனால் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவும் இல்லை. கூவாத சரக்கு, எந்த நேரம் உடையவனிடம் திரும்புமோ என்ற பயம். இரவில் செல்லதுரையின் கை மேலே பட்டால் ஒதுங்கிப் படுத்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று நல்ல மழை. சங்கரலிங்கம் அழுதுகொண்டே உள்ளே போனான். அங்கம்மாள் பள்ளிக்கூட வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள், ஒவ்வொரு விரலாக விட்டாள். பிறகு நேராக பஜார் ரோட்டுக்கு நடந்து, கிட்டங்கித் தராசில் ஈரக்காலோடு ஏறினாள்.

"கூவு" என்றாள்.

செல்லதுரை முள்ளைப் பார்த்தான். சொந்த எடை எந்தச் சாக்கில் இருந்தாலும் தராசுக்காரனுக்குத் தெரியும். சுமட்டுக்காரர்கள் மூட்டையோடு அப்படியே நின்றார்கள்.

"பேச்சிம்மா, இது..."

"பேரைச் சொல்லிக் கூவு."

காலில் கட்டியிருந்த கயிற்றை அவன் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருமுனை வரை கேட்கும்படி கூவினான்.

"அங்கம்மாள், நாற்பத்தெட்டு."

படகுத்துறைக் கொக்குகள் மழையிலேயே எழும்பின. அதற்குப் பின் அந்த எடையில் மாற்றமில்லை. சாயங்காலம் காற்று பலத்தபோது அங்கம்மாள் ஒரு கையில் சங்கரலிங்கத்தையும் மறு கையில் செல்லதுரையையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். குடையைப் பேச்சி பிடித்தாள்.