கடைவாய்ப் பல்லுக்குத் தண்ணீர் கட்டியது

என் வீட்டுக்காரர் சென்றாயனுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. அதற்கு ஒரு படி மேலே சிமெண்ட் நம்பிக்கை உண்டு. கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர், எங்கள் ஊர் இண்டூரைச் சுற்றி அவர் கை படாத சுவர் குறைவு. பையனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றாலும் சரி, பக்கத்து வீட்டில் சண்டை என்றாலும் சரி, "கொஞ்சம் இறுகட்டும், சரியாப் போவும்" என்பதுதான் அவருடைய தீர்ப்பு. எது இறுகணும் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் அவருக்கு எப்போதோ போய்விட்டன. ஒவ்வொன்று வலித்தபோதும் டாக்டரைப் பார்க்கச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். கிராம்பு வைத்தார், கற்பூரம் வைத்தார், கடைசியில் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றார். மெல்லுவதற்கென்று வலது பக்கம் கீழே உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பல். இப்போது அதிலும் சொத்தை விழுந்து, சாப்பிட்டதெல்லாம் அங்கே போய்க் குடியிருக்க ஆரம்பித்தது.

அது போனால் ஆயுசுக்கும் களிதான். களியை மெல்ல வேண்டியதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கினால் போதும். ஆனால் இவர் கறி தின்னப் பிறந்த மனுஷன். நல்லி எலும்பைக் கடிக்கும்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷம் எங்கள் கல்யாண போட்டோவில்கூட இல்லை. மாரியம்மன் பண்டிகை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "இந்தப் பல்லும் போச்சுன்னா நான் இருந்து என்னாத்துக்கு?" என்று ஒருநாள் தட்டைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சாமந்தி பறிப்பதை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு அவரைத் தருமபுரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே பல் டாக்டர் சாதியாவுக்குச் சின்ன வயது. ஆனால் அவசரப்படாமல் பேசினார். சொத்தை ஆழமாக இறங்கியிருக்கிறது, ஆனாலும் நரம்பு கெடவில்லை, காப்பாற்றிவிடலாம் என்றார். அடைப்பதில் மூன்று விதம் என்று விரல் விட்டுச் சொன்னார். வெள்ளி என்று ஒன்று, சாம்பல் நிறமாக இருக்கும், நன்றாக உழைக்கும். வெள்ளை என்று ஒன்று, பல் நிறத்திலேயே இருக்கும், லைட் காட்டி இறுக்க வேண்டும். மூன்றாவது சிமெண்ட். ஆழமான சொத்தைக்கு இதமாக இருக்கும், ஆனால் மெல்லும் பல்லில் நிலைக்காது. அதனால் இப்போதைக்கு சிமெண்ட் வைத்து, ரெண்டு வாரம் வலி இல்லாமல் இருந்தால் அப்புறம் வெள்ளியோ வெள்ளையோ வைத்துவிடலாம். எனக்கே தெளிவாகப் புரிந்தது.

இவர் காதில் ஏறியது ஒரே ஒரு சொல். சாய்ந்து படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சிமெண்டா? பல்லுக்கா? என்னா கிரேடுங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். "இது வேற சிமெண்ட்டுங்கண்ணா. ரொம்ப நாள் தாங்காது."

"எத வேணாலும் தாங்காதுன்னு சொல்லுங்கம்மா, சிமெண்ட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றார் இவர். தன் தம்பியைக் குறை சொன்ன மாதிரி முகம் சுருங்கிவிட்டது.

டாக்டர் பொடியையும் திரவத்தையும் சின்னக் கரண்டியால் குழைத்தபோது, இவர் வாயைத் திறந்தபடியே கண்ணை மட்டும் ஓட்டிக் கலவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்தி என்று தெரிந்தது. வைத்து முடித்ததும், ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்க வேண்டாம், செட் ஆகட்டும், இன்றைக்கு அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வினை அங்கேதான் தொடங்கியது.

"பொண்ணு தொழில் தெரிஞ்சவ" என்றார் படி இறங்கும்போது. "செட் ஆவற வரைக்கும் தண்ணி கூடாதுன்னு சொல்லுச்சு பாத்தியா? அதுக்கப்பறம் நாமதான் தண்ணி கட்டணும்."

கான்கிரீட் போட்டால் மறுநாளே அதன் மேல் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். காய விட்டால் வெடித்துவிடும். அது கட்டடத்துக்கு. இவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மனுஷன் பேருந்து நிலையத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினார். பஸ்ஸில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இண்டூர் வருவதற்குள் வலது கன்னம் உப்பிவிட்டது.

அன்று முதல் எங்கள் வீட்டில் பேச்சு நின்றது. சாப்பிடவும் தூங்கவும் மட்டும் வாயைக் காலி செய்வார். மற்ற நேரமெல்லாம் தண்ணீர்தான். டாக்டருக்கு ஒரு போன் போடட்டுமா என்று கேட்டால் கையைக் காட்டி அடக்குவார். வேலை நடக்கும் இடத்தில் கத்தினால் பென்னாகரம் வரைக்கும் கேட்கும் குரல் அவருடையது. அது இப்போது கை ஜாடையாகச் சுருங்கிவிட்டது. ஒருநாள் புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கையை வீசிக் காட்டியிருக்கிறார். சித்தாள் முனியம்மாள் அதை வீட்டுக்குப் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கூப்பிட வேண்டுமானால் வாயில் இருப்பதைத் துப்ப வேண்டும். அவர் துப்பவில்லை. தனியாளாகச் சுவருக்கும் பல்லுக்கும் தண்ணீர் கட்டிவிட்டு வந்தார்.

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சொல்ல ஆளில்லை. நாள் போகப் போக வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவர் கத்தலைத் தேடுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

டாக்டர் சொன்ன நாள் வந்தது. கிளம்புங்கள் என்றேன். தண்ணீரைத் துப்பிவிட்டு, இந்த வேலைக்கு மேல் எவனும் கை வைக்கக் கூடாது என்றார். இரண்டு நாளில் வரும் பண்டிகை அன்றைக்குத்தான் பலகை பிரிப்பு என்று நாளும் குறித்துவிட்டார். தளம் இறுகியதும் கீழே முட்டுக் கொடுத்த பலகைகளை எடுப்பார்களே, அந்தக் கணக்கு.

பண்டிகை அன்று நல்லியாகப் பார்த்து வைத்தேன். சாமிக்குக் காட்டுகிற மாதிரி ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு, வலது பக்கம் வைத்துக் கடித்தார். சத்தம் கேட்டது. எலும்பு அப்படியே இருந்தது.

உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். வெள்ளையாகத் தூள். அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மணல் ஜாஸ்தி" என்றார்.

எனக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "களி இருக்குதா?" என்று கேட்டார். கறி நாளில் அவர் களி கேட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எனக்கும் கறி இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். வாய்க்குள் பார்த்துவிட்டு, "என்னண்ணா பண்ணீங்க?" என்றார். இவர் கூரையைப் பார்த்தார். நான்தான் ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

திரும்பியபோது, "மேஸ்திரிகிட்ட போய் சிமெண்ட்டுன்னு சொன்னேன் பாருங்க, அது என் தப்புங்க" என்றார். பல்லின் ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது. குளிர்ந்த காற்றை ஊதிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "நரம்பு நல்லாருக்குது. பல்லு பொழச்சுது" என்றார்.

அடுத்து, வெள்ளியா வெள்ளையா என்ற கேள்வி வந்தது. இவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். எது கறியைத் தாங்கும் என்று டாக்டரிடம் நான் கேட்டேன். இரண்டுமே தாங்கும் என்றார். ஆனால் வெள்ளி பிடிப்பாக உட்கார இன்னும் கொஞ்சம் பல்லை வெட்ட வேண்டும். வெள்ளை பல்லோடு ஒட்டிக்கொள்ளும், உடைந்த ஓரத்துக்கு அதுதான் நல்லது. மிச்சம் இருப்பதே ஒரு பல், அதில் வெட்ட என்ன இருக்கிறது, வெள்ளையே வையுங்கள் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை, வைக்கும்போது சொட்டு ஈரம் படக் கூடாது என்றார் டாக்டர். பஞ்சைச் சுருட்டி வைத்து, குழாய் விட்டு எச்சிலை உறிஞ்சி எடுத்தார்கள். ரெண்டு வாரம் குளமாகக் கிடந்த வாய், வறண்டு போய்த் திறந்திருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல லைட்டைக் காட்டினார். ஆயிற்று, இறுகிவிட்டது, தண்ணீர் கட்டும் வேலை இல்லை, சாப்பிடலாம், ஆனால் எலும்பு மட்டும் கூடவே கூடாது என்றார். இவர் அந்த லைட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தளத்துக்குக் காட்ற மாதிரி பெருசு வருதாங்க?" என்று கேட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பேச்சு மூச்சில்லாமல் வந்தார். திரும்பிப் பார்த்தால் வலது கன்னம் உப்பியிருந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"துப்புங்க. இப்பவே துப்புங்க. ரெண்டு வாரமா ஊமைகூடக் குடும்பம் நடத்தினது போதும். நீங்க பேசாம எனக்கு வூட்ல இருக்க முடியல, தெரியுதா?"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மெதுவாக வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாதி மென்ற வறுத்த கடலை.

"எலும்புதான் வேணான்னுச்சு" என்றார். "கடலைக்கு ஒண்ணும் சொல்லல."

பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு மறுபடி மெல்ல ஆரம்பித்தார். கடலையில் உப்பு பத்தவில்லை, வறுத்தவனுக்குப் பக்குவம் தெரியவில்லை, ஜன்னல் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று இண்டூர் வரைக்கும் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே வந்தார். நான் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டிக்கொண்டே வந்தேன்.