ஒரு வார்த்தைக்கு மட்டும் செவிடு

“அம்மா, பென்சில் விழுந்துடுச்சு” என்றாள். நான் திரும்பவில்லை.

மத்தியானக் கூட்டம் போய்க் கடை ஓய்ந்திருந்த நேரம். சின்னப் பிள்ளைகளுக்கு முடி வெட்டும்போது உயரம் எட்டுவதற்காக நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே ஒரு பலகை போடுவோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் பேத்திக்கு அதுதான் சிம்மாசனம். அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், கண்ணாடியைப் பார்த்து மூக்கைச் சுளிப்பாள், வருகிறவர் போகிறவர் தலையைப் பற்றியெல்லாம் அபிப்பிராயம் சொல்லுவாள். நான் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டாள். அதற்கும் மேலே ஒருதரம் கூப்பிட்டபோது, தலையில் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த வங்கிக்காரிக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை உங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்றாள். இத்தனை வருஷம் டிரையர் இரைச்சலில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டது என்று சொன்னேன். கடையில் அப்போது ஒரு டிரையரும் ஓடவில்லை. பென்சில் உருண்டு போய் வாஷ்பேசின் காலில் முட்டிய சத்தம்கூட எனக்குக் கேட்டிருந்தது.

என் காதுக்கு ஒரு கேடும் இல்லை. பக்கத்துக் கடைச் செருப்புக்காரர் போனில் தன் மனைவியிடம் கெஞ்சுவது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். என்ன தப்புக்குக் கெஞ்சுகிறார் என்பதுகூடத் தெரியும். அப்படிப்பட்ட காதை நானேதான் அடைத்துக்கொண்டேன்.

இவளைப் பெற்றவள் என் ஒரே மகள். இவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், வரவில்லை. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரத்தில் எந்தக் கட்டிடத்தில் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாத வேலை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்று, இவளுக்குச் சட்டை மாட்டக்கூடத் தனக்குத் தெரியவில்லை என்று அழுதார். வாங்கிக்கொண்டேன். துவைத்த துண்டுகளைப் போட்டு வைக்கிற கூடையில் தூங்கி வளர்ந்தாள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பழக்கதோஷத்தில் அம்மாவிடம் போ, அம்மாவைப் பார் என்று கொஞ்சினார்கள். ஒருநாள் அவளும் என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, அண்ணாந்து பார்த்து, அம்மா என்றாள். அந்த நிமிஷமே பாட்டி என்று திருத்தியிருக்கலாம். எப்படித் திருத்துவேன்? உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஒரே ஒரு வாய்தான் இருந்தது, அதுதான் போய்விட்டதே. இனி இல்லை என்று தலைமுழுகிய சொல் திரும்பி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. வாரி எடுத்துக்கொண்டேன். பேராசைதான், இருக்கட்டும்.

இப்போது மாப்பிள்ளை மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார். நச்சரித்து நச்சரித்து நான்தான் செய்ய வைத்தேன். பெண் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். அவளிடம் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நானும் எவ்வளவோ முயன்று பார்த்தேன், அகப்படவில்லை. சிரித்தால்கூட அளவாகச் சிரிக்கிறாள். பேத்தியின் பிறந்தநாளோடு அவளைப் புது வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று பேச்சு. அதற்குள் பழகட்டும் என்று அந்தப் பெண் வேலை முடிந்ததும் கடைக்கு வந்து அவளோடு உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒருநாள் கதவிடுக்கில் பிள்ளையின் விரல் நசுங்கிவிட்டது. அம்மா என்று அவள் அலறிய அலறலில் நாங்கள் இரண்டு பேருமே ஓடினோம். முதலில் போய்ச் சேர்ந்தது அந்தப் பெண்தான். பிள்ளை அவள் கையைத் தள்ளிவிட்டு என்மேல் வந்து விழுந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தன் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். கிளம்பும்போது சொன்னாள்:

“பரவால்ல அத்தை. என்னை அக்கான்னே கூப்பிடட்டும். அம்மான்னு நீங்கதான் இருக்கீங்களே.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு நாலு கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். எனக்கென்ன, இப்போதே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அக்காவோடு வளர்கிற பிள்ளை, நான் கண்ணை மூடுகிற அன்றைக்கு இன்னொரு தடவை தாயில்லாப் பிள்ளை ஆகிவிடுவாள். என்னிடம் இருப்பதை நானாகக் கொடுத்தால்தான் உண்டு என்று தெரிந்துபோயிற்று.

முதலில் நல்லபடியாகத்தான் சொல்லிப் பார்த்தேன். தலை பின்னிவிடும்போது, நான் உன் அம்மா இல்லை, உன் அம்மாவுக்கு அம்மா, பாட்டி என்றேன். கண்ணாடியில் என்னை உற்றுப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பாட்டி என்றால் தலை வெள்ளையாக இருக்குமாம், உனக்குக் கறுப்பாக அல்லவா இருக்கிறது என்று மடக்கினாள். அழகு நிலையம் நடத்துகிறவள் நரைத்த தலையோடு நின்றால் எவள் தன் தலையைக் கொடுப்பாள்? ஆனாலும் சாயம் போடுவதை நிறுத்தினேன். வகிட்டில் வெள்ளை ஏறியது. வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்தியும் உடம்புக்கு என்ன என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். இவள் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. அம்மாவுக்கு முடி வெளுத்துப்போச்சு என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கு அப்புறம்தான் இந்தக் காது யோசனை. பாட்டி என்று கூப்பிட்டால் ஏன் என்பேன். இன்னொரு மாதிரி கூப்பிட்டால் செவிடு.

சொல்வதற்குச் சுலபம். அடுப்படியிலிருந்து ஒரு குரல் கூப்பிடும்போது உடம்பு தானாகத் திரும்புகிறது. கழுத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒரு விடிகாலையில் அரைத் தூக்கத்தில் அவள் கூப்பிட, நானும் அரைத் தூக்கத்தில் ம் என்றுவிட்டேன். சட்டென்று எழுந்து அதை இருமலாக மாற்றி, இல்லாத சளியை வாஷ்பேசினில் போய்த் துப்பினேன். அவள் முதலில் கத்திப் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் வந்து நின்று வாயை அகலமாகத் திறந்து, உதடு தெரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தாள். பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்துக்கொண்டு வந்து என் காதைத் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டு, ஆவலாக, மறுபடியும் கூப்பிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி, என்ன ஜென்மமோ நான்.

கடைசியில் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நான் ஒருத்திக்குத் தலை அலசிக்கொண்டிருந்தபோது, அவள் வங்கிக்காரியிடம் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“அம்மாவுக்குக் காது நல்லாத்தான் கேக்கும் ஆன்ட்டி. ஒரே ஒரு வார்த்தை மட்டும் உள்ள போகாது. அது என்ன வியாதின்னு தெரியல.”

குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தலையைக் கொடுத்திருந்தவள் தண்ணீர் சுடுகிறது என்று கத்தினாள்.

அதற்கப்புறம் அவள் என்னைக் கூப்பிடுவதே மாறிவிட்டது. வாயைத் திறப்பாள், உதடு ஒட்டும், நின்றுவிடுவாள். எதையோ விழுங்குவாள். பிறகு பாட்டி என்று வரும். நோயாளியிடம் பேசுகிற மாதிரி, எனக்கு நோகக் கூடாது என்று மெதுவாகச் சொல்லுவாள். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறந்தநாளுக்கு முந்தின வாரம் நாங்கள் நான்கு பேரும் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். மாப்பிள்ளை படகுக்குச் சீட்டு வாங்க வரிசையில் நின்றார். நானும் அந்தப் பெண்ணும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். குழந்தைகள் ஏறுவதற்குக் கயிற்று வலை ஒன்று கட்டியிருந்தார்கள். விறுவிறுவென்று உச்சிவரை ஏறிவிட்டவளுக்கு இறங்கத் தெரியவில்லை. கீழே பார்த்தாள். முகம் கோணியது. அங்கிருந்து அம்மா என்று கூப்பிட்டாள். பயந்த குரல். அப்படிக் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததே கிடையாது. என் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பார்த்தேன். பெஞ்சின் விளிம்பை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் கூப்பிட்டாள். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அத்தை, கூப்பிடுறா.”

“நீ போ. எனக்குக் காது கேக்காது.”

ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கண் கலங்கியது, ஆனால் அழுதுகொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். வலையில் ஏறி, கால் மாட்டிக்கொண்டு, விடுவித்து, எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தாள். பிள்ளை அவளைத் தள்ளவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்படியே இறங்கி வந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மாள் என்னிடம், மகளும் பேத்தியுமா, ஒரே ஜாடை என்றாள். ஆமாம் என்றேன். படகில் அவர்கள் மூன்று பேரும் போனார்கள். எனக்குத் தண்ணீரைக் கண்டால் தலைசுற்றும் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுக் கரையில் நின்று கையாட்டினேன்.

பிறந்தநாள் புது வீட்டில் நடந்தது. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டிடத்தில் அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் மூச்சிரைக்க ஏறி வந்து அதைச் சொல்லியே மாப்பிள்ளையை வாரினார்கள். நான் அவளுடைய துணிகள், புத்தகப் பை, காது பிய்ந்த பொம்மை நாய் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி, படிக்குப் படி நின்று தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அன்று ராத்திரியிலிருந்து அவள் தூங்குவது அங்கேதான். காலையில் கடைக் கதவைத் திறப்பதற்கு முன்னால் அவளைப் பலகையில் உட்கார வைத்து நெற்றி முடியை வெட்டிவிட்டிருந்தேன். அவள் தலையில் என் கை முதல்தடவையாகக் கோணிவிட்டது. ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றம், நல்லவேளையாக யாரும் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளையின் மேலதிகாரி மனைவி போலிருக்கிறது, ஒருத்தி பிள்ளையைப் பிடித்து, யார் யார் வந்திருக்கிறார்கள், சொல்லு பார்க்கலாம் என்றாள். பலூன் ஊதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினாள்.

“இவங்க எங்க பாட்டி. எல்லாருக்கும் முடி வெட்டுவாங்க.” பிறகு அடுக்களை வாசல் பக்கம் விரலை நீட்டினாள். “அவங்க எங்க அம்மா.”

தடுமாறவே இல்லை. அடுக்களை வாசலில் தட்டுகளோடு வந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண் என்னைத் தேடியது. நான் தலையாட்டினேன். தட்டுகளை வைக்க இடமில்லாத மாதிரி திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. மேலதிகாரி மனைவி பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, கெட்டிக்காரி என்றாள். அந்த இடத்தில் நின்று சிரித்தேன் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மெழுகுவர்த்தி செருகிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்து, செருப்புகள் குவிந்து கிடந்த வாசல் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குனி என்று சைகை காட்டினாள். குனிந்தேன். இரண்டு கைகளையும் குவித்து என் காதைச் சுற்றி வைத்துக்கொண்டாள். சத்தமே இல்லை, வெறும் மூச்சுதான் வந்தது.

“அம்மா. அம்மா. அம்மா. அம்மா.”

சொல்லிவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுத்து என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கேட்டுவிட வேண்டும் என்று பார்க்கிற பார்வை இல்லை அது. கேட்கவில்லையே என்று சரிபார்க்கிற பார்வை. எத்தனையோ பேரிடம், வெட்டியது சரியில்லை என்று தெரிந்தும், கண்ணாடிக்கு முன்னால் முகம் மாறாமல் அழகாக இருக்கிறது என்று சொன்னவள் நான். அந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“என்ன கண்ணு சொன்ன?”

“ஒண்ணுமில்ல பாட்டி” என்றாள்.

அவளுக்குத் திருப்தியாகிவிட்டது. உள்ளே விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், மெழுகுவர்த்தி வெளிச்சம் கூடத்துச் சுவரில் ஆடியது. அவள் போகவில்லை. என் தலையைப் பிடித்து மெதுவாக மறுபக்கம் திருப்பி, இன்னொரு காதில் வாயை வைத்தாள்.