சாம்பல் விழாத நெருப்பு

பொய்க் கரி செய்வது என் பிழைப்பு. சிரிக்க வேண்டாம். குளிருக்கு வீட்டுச் சுவரில் கேஸில் எரிய விடுகிற கணப்புக்குள் அடுக்கி வைக்க, நிஜ நிலக்கரி எரிவது போலவே தெரிகிற துண்டுகளை வடிவமைக்கிறேன். இதையே வேறு ஊரில் செய்திருந்தால் ஒருவரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். நான் செய்வது இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில், ஹாக்லியில், சுரங்கத்தை இழுத்து மூடிவிட்டு அதே முற்றத்தில் கட்டின பெல்லாமி கம்பெனியில். அதுதான் அந்தச் சுரங்கத்திலேயே உழைத்த என் அப்பா ஆர்னால்டுக்குப் பொறுக்கவில்லை.

"காலுக்குக் கீழ நெசக் கரி கெடக்கு, தோண்டி எடுக்க நாதியில்ல. அதுக்கு மேல உக்காந்துகிட்டு பீங்கான் கூழுல கரி புடிக்கிறா என் மக," என்று கண்டவரிடமெல்லாம் சொல்வார். "எதுக்குங்கிறே? லண்டன்காரன் கை அழுக்காவக் கூடாதாம்."

நானும் விடமாட்டேன். "உங்க தொழிற்சங்கமா நமக்குச் சோறு போடுது? இந்தப் பொய்க் கரிதான் போடுது," என்பேன். அவர் பேச்சை மாற்றி டீ கேட்பார். 

சும்மா சொல்லக்கூடாது, அது லேசான வேலை இல்லை. கறுப்புச் சாயம் எவன் வேண்டுமானாலும் அடிப்பான். நிஜக் கரி அடுக்கடுக்காகப் பிளக்கும். முதலில் ஓரம் நரைக்கும், அப்புறம்தான் நடுவில் சிவக்கும். நான் நல்ல கரியாகப் பொறுக்கி, உடைத்து, அதன் மேல் ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பேன். அந்த அச்சில் பீங்கான் நாரைக் கூழாக்கி நிரப்பி உலர்த்தினால் ரொட்டி மாதிரி வெள்ளையாக ஒரு துண்டு வரும். அதற்கு மேல்தான் கறுப்பு, சாம்பல் நிறம், செங்கல் நிறம் எல்லாம். கடைசியில் தீ. தீ துண்டைத் தொட்டால் புகை படியும், தொடாமல் போனால் ஏமாற்று வேலை பல்லிளித்துவிடும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இடம் உண்டு. ஒன்றை நகர்த்தினாலும் காற்று அடைபட்டு எல்லாம் கெட்டுப்போகும்.

அப்பாவுக்கு நுரையீரல் முழுக்கச் சுரங்கத்துத் தூசு. இருமினால் கறுப்பாக வரும். போன அக்டோபரில் டாக்டர் வீட்டில் கரி எரிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற சுரங்கக்காரருக்கு வாசலில் வந்து கொட்டுகிற இலவசக் கரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, நானே வடிவமைத்த கணப்பை முன்னறையில் பொருத்தினேன். பொருத்தின அன்றைக்கே விசாரணை ஆரம்பித்தது.

"ஏன்டி, இது சரியவே மாட்டேங்குதே?"

"சரியாதுப்பா."

"சாம்பல்?"

"விழாது."

"அப்பக் காலையில எந்திரிச்சு நான் என்னத்த அள்றது? சாம்பல் விழாத நெருப்பெல்லாம் ஒரு நெருப்பா? பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கழற்றி எறிந்திருப்பேன். ஆனால் அவர் நாற்காலியை அதற்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், அதற்கப்புறம் எழவே இல்லை. நெருப்பைக் கிளறுகிற பழைய கம்பியை மட்டும் எடுக்க விடவில்லை. கிளற ஒன்றும் இல்லாவிட்டாலும் அது பக்கத்தில் சாய்ந்து நிற்க வேண்டுமாம்.

அப்பாவுக்கு ஒரே தம்பி, சிரில் சித்தப்பா. இரண்டு பேரும் ஒரே ஷிப்டில், ஒரே லிஃப்ட் கூண்டில் சுரங்கத்துக்குக் கீழே இறங்கினவர்கள். எண்பத்து நாலாம் வருஷத்து ஸ்ட்ரைக்கில் ஊரே ஒரு வருஷம் சம்பளமில்லாமல் கிடந்தது. அது முடிய இரண்டு வாரம் இருக்கும்போது சித்தப்பா வேலைக்குத் திரும்பினார். நோரீன் சித்தி பிள்ளை பெற்று ஜன்னி கண்டு கிடந்தாள், வீடு பனிக்கட்டியாக இருந்தது. இரண்டே வாரம்! பல்லைக் கடித்திருந்தால் தாண்டியிருக்கலாம் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கல்லெறிக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பி வலை போட்ட பஸ்ஸில் அவர் சுரங்கத்துக்கு உள்ளே போனபோது சுரங்க வாசலில் நின்ற கூட்டத்தில் அப்பாவும் இருந்தார். "கருங்காலி!" என்று முதல் குரல் கொடுத்ததே அப்பாதான். தம்பியிடம் அவர் பேசின கடைசி வார்த்தை அது.

எங்கள் ஊரில் கருங்காலியை அடிப்பதெல்லாம் கொஞ்ச நாளோடு சரி. அப்புறம் பேசாமல் விட்டுவிடுவார்கள். இறைச்சிக் கடைக்காரர் சித்தப்பாவின் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு சுவரைப் பார்ப்பார். கிளப்பில் அவர் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகும். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் கல்யாணம், எதுவும் அவர் காதுக்குப் போகாது. ஒன்பது வருஷமாக இதே கதை. எந்தச் சுரங்கத்துக்காக அடித்துக்கொண்டார்களோ அதையே அரசாங்கம் மண்ணைப் போட்டு மூடிவிட்டது. இவர்கள் வாயை மட்டும் திறக்கவில்லை. 

கிறிஸ்துமஸ் வாரத்தில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்குக் கோடை வரை இழுக்காது என்றார். மறுநாளே நான் பார்ன்ஸ்லி சந்தைக்குப் போனேன். சித்தப்பா ஹாக்லிக் கடைகளை விட்டுவிட்டு அங்கேதான் காய்கறி வாங்குவார். டீக்கடையில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"புது வருஷத்தன்னிக்கி நீங்கதான் எங்க வீட்டுக்கு முதல் ஆளா வரணும் சித்தப்பா."

"உங்கப்பன் கதவை மூஞ்சியில சாத்துவான்."

"முதல் ஆளுக்கு எவராச்சும் சாத்துவாங்களா? வருஷாவருஷம் வர்ற பக்கத்து வீட்டு ஆளு இந்தத் தடவ மகன் வீட்டுக்குப் போறாரு. வேற வர்றதுக்கு ஆளில்ல. கறுப்பு முடி வேற, நம்ம குடும்பத்துல உங்களுக்கு மட்டுந்தான் நரைக்கல."

புது வருஷத்தன்று கறுப்பு முடிக்காரர் ஒருவர் கையில் கரியோடு முதல் ஆளாக வந்து, வாய் திறக்காமல் அதை நெருப்பில் போட்டால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா தேவாலயப் பக்கமே போக மாட்டார், பாதிரியாரைக் கண்டால் கிண்டலடிப்பார். ஆனால் வருஷத்தில் முதலில் படி ஏறுகிற ஆளைத் திருப்பி அனுப்புகிற துணிச்சல் அவருக்குக் கிடையாது. அப்படி அனுப்பினால் வருஷம் முழுக்க வீடு விளங்காது என்று நம்புகிறவர்.

"வந்து என்னத்தப் பேசுறது ஜேனிஸ்?" என்றார் சித்தப்பா.

"பேசவே வேண்டாமே! கரியை நெருப்புல போடுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுல்ல? போட்டுட்டு வாழ்த்துச் சொல்லுங்க. வாழ்த்துக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும் அவரு?"

சித்தப்பா கப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அவன் திட்டினாலும் பரவாயில்ல. நல்லாத் திட்டட்டும். அதுவும் பேச்சுத்தானே," என்றார். சொல்லிவிட்டுத் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இப்போது எரிவது கேஸ் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு வருஷம் கரிக்குள்ளேயே கிடந்த மனிதரிடம் போய், அது கரி இல்லை என்று யாராவது சொல்வார்களா? பார்த்தால் தெரிந்துகொள்வார் என்று நினைத்து, கொண்டுவருகிற கரியை வைக்கக் கணப்புக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டையும் போட்டு வைத்திருந்தேன்.

புது வருஷத்தன்று காலையில் சரியான மூட்டம். கதவு தட்டின சத்தம் கேட்டதும் அப்பா, "யாருன்னு பாருடி, செம்பட்டைத் தலையா இருந்தா விடாதே," என்று உள்ளேயிருந்து கத்தினார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

சித்தப்பா கல்யாணத்துக்குப் போகிற கோட்டைப் போட்டிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றின பெரிய கரி. அப்பா அவரைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து போகவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுவே பெரிய வெற்றி. சித்தப்பா அண்ணன் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தலையைக் குனிந்துகொண்டே கணப்பைப் பார்த்து நடந்தார்.

அண்ணனும் தம்பியும் தனியாக இருக்கட்டும் என்று, கேக்கும் விஸ்கியும் எடுத்து வர நான் சமையலறைக்குள் போனேன். என் புத்திசாலித்தனத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கேக் தட்டைத் தூக்கும்போது முன்னறையில் கம்பி உரசுகிற சத்தம் கேட்டது. ஐயோ என்று ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சித்தப்பா அந்தக் கரியை என் துண்டுகளின் தலையில் அழுத்தி வைத்து, எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி கம்பியை எடுத்துக் கீழே விட்டு ஒரு கிளறு கிளறியிருக்கிறார். நான் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து அடுக்கினது பொலபொலவென்று உடைந்து கிடந்தது. உள்ளே அத்தனையும் வெள்ளை. அவர் கம்பியைப் பிடித்தபடி அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனாலும் பாவம், வாழ்த்தை விடவில்லை. "புது வருஷம் நல்லா இருக்கட்டும்ண்ணே," என்றார்.

அப்பா சிரித்தார். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. தொடையில் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தீ மஞ்சளாகி, கறுப்பாகி, புகை கணப்பின் விளிம்பைத் தாண்டி அறைக்குள் புரண்டு வந்தது. புகைக்கரி தூள்தூளாக அவர் முடியில், கம்பளியில் எல்லாம் இறங்கியது. சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவே இல்லை. நான் கேஸை மூடி ஜன்னலைத் திறப்பதற்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது.

சித்தப்பாதான் அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சுரங்கத்தில் ஆளைத் தூக்கிப் பழகின கை. அந்த நிலையிலும் அப்பா ஒரு கையால் அவர் மார்பைத் தள்ளிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

அப்புறம் அப்பா வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

அன்று பிற்பகல் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

"கணப்பு உங்க மூக்குக்கு நேரா இருக்கு. அவரு குனியிறதப் பாத்தீங்க, கரிய வைக்கிறதப் பாத்தீங்க, கம்பிய எடுக்கிறதயும் பாத்தீங்க. 'அது கேஸுடா'ன்னு ஒரு வார்த்தை. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நான் அவன்கிட்டப் பேசுறதில்ல," என்றார்.

"செத்துப் போறதுக்கு இருந்தீங்களேப்பா!"

"பேசலையே. பேசலதானே?" மூச்சு வாங்கியது. அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கிற மனிதரை உலுக்க வேண்டும் போல இருந்தது. அவரோ என் கையைத் தேடிப் பிடித்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அவன் என்ன வேணா இருக்கட்டும், கரி தெரிஞ்சவன். அவனையே ஏமாத்திப்புடிச்சே உன் நெருப்பு. நல்லாத்தான் செஞ்சிருக்கே புள்ள."

எத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கையை உருவிக்கொண்டு வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தில் சித்தப்பா அந்தக் கல்யாணக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார், உட்காரக்கூட இல்லை. நகக்கண்ணெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"பேசுறானா?"

"பேசுறாரு."

"என்ன சொன்னான்? திட்டினானா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். திட்டினார் என்று சொல்லியிருந்தால்கூட அந்த மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். பொய்க் கரி செய்து செய்து பழகின எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பொய் வரவில்லை.

"என் கணப்பு நல்லா இருக்குன்னாரு சித்தப்பா."

சித்தப்பா தலையை ஆட்டினார். 

"ஆமாம்மா. நல்லா இருந்துச்சு. நான் நெசம்னே நெனச்சிட்டேன்," என்றார்.