சின்னவள் செய்த கவ்வி

அந்த வீட்டில் எது உடைந்தாலும் "பெரியவகிட்ட குடு" என்பார்கள். கடிகார வார், குடைக் கம்பி, குழாய்த் திருகு, பள்ளிப்பையில் சிக்கிக்கொண்ட ஜிப் எல்லாம் கடைசியில் பெரிய மருமகளின் மடியில்தான் வந்து விழும். "இந்த வீட்ல நான் ஒருத்தி இல்லேன்னா என்னதான் பண்ணுவீங்களோ" என்று அலுத்துக்கொண்டே அவளும் வாங்கிக்கொள்வாள். அலுப்பு வாயோடு சரி. உள்ளுக்குள் அது அவளுக்குப் பட்டம் கட்டினாற்போல.

கையும் அப்படிப்பட்ட கைதான். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினோரு வருடமாக உட்கார்ந்து, எள்ளளவு திருகுகளை முடுக்கி, சட்டத்தில் லென்ஸ் பொருத்துகிறவள். ஊதினால் பறந்துவிடும் சாமான்கள் அவள் விரலுக்கு அடங்கி நிற்கும்.

சின்ன மருமகள் அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம். சலவைக்கடையில் துணி வாங்கிக் கொடுக்கும் மேசையில் வேலை. பல்பு மாற்றுவதற்குக்கூட "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்பாள். பெரியவளுக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

மகளின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் பொது நூலகத்துக்குப் போனபோதுதான் அந்த அறிவிப்பு பெரியவளின் கண்ணில் பட்டது. மேல்மாடியில் பழைய பத்திரிகைக் கட்டுகள் கிடந்த அறையை ஒழித்து, 'ஆக்கக்கூடம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். த்ரீடி பிரிண்டர் இரண்டு, பலகை வெட்டும் லேசர் இயந்திரம் ஒன்று, தையல் மெஷின்கள், சுவர் நிறையக் கருவிகள். ஆறு சனிக்கிழமை வகுப்பு, அனுமதி இலவசம். வீட்டில் ஒருவருக்கு உதவுகிற ஒரு பொருளைச் செய்ய வேண்டும். கடைசி நாள் எல்லாரும் செய்துகாட்ட வேண்டும். தேர்வாகிற பொருள் நூலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அதைச் செய்தவர் அடுத்த வகுப்புக்குத் துணை ஆசிரியர்.

படித்து முடிப்பதற்குள்ளேயே பெரியவள் தன்னை அந்தத் துணை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்த்தி அழகு பார்த்துவிட்டாள். ஆனால் தனியாகப் போவானேன்? தான் செய்வதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

"நீயும் வாயேன். சும்மா வேடிக்கை பாரு" என்று சின்னவளைக் கூப்பிட்டாள். அப்படி அவளாகத்தான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

வகுப்பு நடத்திய பெண்ணை எல்லாரும் டீச்சர் என்றார்கள். காதில் செருகிய பென்சிலைத் தலைமுடியெல்லாம் தேடுகிற ரகம். யாருக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவள் கேட்டதும், "எங்க மாமனாருக்கு" என்று பெரியவள் முந்திக்கொண்டாள்.

மாமனார் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நடை தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது. சட்டைப் பட்டன்தான் போட முடியவில்லை. "தலை வழியா மாட்டுற டீஷர்ட் போட்டுக்கோங்கப்பா" என்றால், "நான் என்ன பந்து விளையாடவா போறேன்?" என்பார். தினமும் காலையில் மகன்களில் ஒருவன் பட்டன் போட்டுவிடுவான். அந்த நேரம் முழுக்க, ஊசி போட்டுக்கொள்கிறவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"நானும் மாமாவுக்கே செய்யட்டுமாக்கா? எனக்கு வேற யாரும் தோணல" என்றாள் சின்னவள்.

"செய்யேன். யார் வேணாம்னா?" என்றாள் பெரியவள், தாராளமாக.

முதல் இரண்டு வாரம் பெரியவள் ராஜ்யம்தான். கணினியில் படம் வரைவது அவளுக்குப் பட்டென்று பிடிபட்டது. பட்டன் துளைக்குள் நுழைந்து, பட்டனைக் கவ்வி இழுத்து வருகிற கம்பி வளையம் ஒன்றைச் செய்தாள். அதன் பிடியைத் தேய்த்துத் தேய்த்துக் கூழாங்கல்போல வழவழப்பாக்கியிருந்தாள். "இதுவா உங்க முதல் பொருள்? நம்பவே முடியல" என்றாள் டீச்சர். பக்கத்து மேசையில் சின்னவள் அட்டைப்பெட்டியைக் கத்தரித்துக்கொண்டு, விரலில் பசையும் மூக்கில் பசையுமாக உட்கார்ந்திருந்தாள். பெரியவளுக்குப் பாவமாக இருந்தது. எவ்வளவு சுகமான பாவம் அது!

மூன்றாம் வாரம் வீட்டில் மாமனாரிடம் வளையத்தைக் கொடுத்தாள். அவர் அதை இடது கையில் பிடித்து, பட்டனைக் கவ்வி இழுத்தார். இழுக்க இழுக்கச் சட்டையும் கூடவே வந்தது. மறு ஓரத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் இன்னொரு கை இல்லையே. நெற்றி வியர்க்கும் வரை முயன்றுவிட்டு, "நல்லா பண்ணியிருக்கம்மா" என்று மேசையில் வைத்தார். அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது.

சின்னவள் சலவைக்கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரங்களில் என்ன செய்தாள் தெரியுமா? தன் வலது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தேய்த்து வந்த சட்டைகளுக்கு இடது கையால் பட்டன் போட்டுப் பார்த்தாள். நாற்பது சட்டை. பிரச்சினை பட்டனில் இல்லை, துணி நிற்கவில்லை என்பது அவளுக்கு அங்கேதான் புரிந்தது. நான்காம் சனிக்கிழமை, உள்ளங்கை அகலத்தில் ஒரு தகட்டை டீச்சரிடம் காட்டினாள். கீழ் முனை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளும். மேல் முனையில் பல் வைத்த ஒரு கவ்வி, சட்டை ஓரத்தைக் கடித்து விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். பார்க்க அசடாக இருந்தது. ஆனால் டீச்சர் கையைத் தட்டி, "எல்லாரும் இங்க வாங்க, இதப் பாருங்க" என்று கூப்பிட்டாள்.

எல்லாரும் போனார்கள். பெரியவளும் போய், கடைசி ஆளாக நின்று எட்டிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை எங்கிருந்து எடுத்து ஒட்டவைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று மாலை மாமனார் அந்தச் சோதனைத் தகட்டை மாட்டிக்கொண்டு, தன் கையாலேயே இரண்டு பட்டன் போட்டார். மூன்றாவதற்கு வெகுநேரம் ஆயிற்று. போட்டு முடித்ததும் சின்னவளைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெரியவளுக்குக் கிடைத்த 'நல்லா பண்ணியிருக்கம்மா'வை அந்தப் பார்வைக்குப் பக்கத்தில் வைக்கக்கூட முடியாது.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் சரியாக இல்லை. சின்னவள் சிரித்தால் சத்தமாக இருந்தது, பேசாமல் இருந்தால் மண்டைக்கனமாகத் தெரிந்தது. "பாத்திரத்தை இப்படியா கவுக்கறது?" என்று மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள். கடையில் ஒரு நாள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு லென்ஸை இடம் வலம் மாற்றிப் பொருத்தினாள்.

போதாக்குறைக்கு மகளின் ஜாமெட்ரி பெட்டியின் மூடி உடைந்தது. பெரியவள் கையை நீட்டினாள்.

"பரவால்லம்மா. சித்தி லைப்ரரி மேல்மாடியில புதுசா பிரிண்ட் போட்டுத் தர்றேன்னாங்க" என்றது பெண்.

நீட்டிய கையை அவள் அப்படியே கொண்டுபோய்த் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

செய்துகாட்டும் நாளுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பெரியவள் தன் வளையத்தை மெருகேற்ற நூலகத்துக்குக் கிளம்பினாள். சின்னவள் கடையிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, அங்கதானே போறீங்க? என்னோட கடைசி பைல் ரெடியா இருக்கு. பிரிண்டர்ல ஆரம்பிச்சு மட்டும் விட்டுடுறீங்களா? இன்னிக்கு இங்க ஒரே கூட்டம், கிளம்ப முடியாது."

"சரி" என்றாள் பெரியவள்.

கணினியில் அந்தப் படத்தைத் திறந்தாள். ஒரு ஓரத்தில், பொருளின் உள்ளே எத்தனை சதவீதம் நிரப்ப வேண்டும் என்று கேட்கிற கட்டம். அறுபது என்று இருந்தது. கவ்விக்கு வலு வேண்டும் என்று டீச்சரும் சின்னவளும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்த அறுபது. பெரியவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். டீச்சர் தையல் மெஷினில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் அறுபதை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டாள்.

இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓடிய இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முடிந்தபோது வெளியே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாளைக்கு டீச்சர் கையில் வாங்கி அமுக்கிப் பார்ப்பாள், டக்கென்று உடையும், சின்னவளின் மூக்கும் கொஞ்சம் உடையும். அவ்வளவுதான் அவள் நினைத்தது. சத்தியமாக அதற்குமேல் நினைக்கவில்லை.

டீச்சர் அமுக்கிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை மாமனாரே சலவைச் சட்டையோடு மேல்மாடிக்கு வந்துவிட்டார். "நானே போட்டுக் காட்டுறேன்" என்று முன்னால் போய் நின்றார். நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். முதல் பட்டன் துளைக்குள் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். வண்டியை வளைவில் லாகவமாகத் திருப்பிவிட்டுப் பயணிகளைப் பார்க்கிற சிரிப்பு.

மூன்றாவதில் கவ்வி முறிந்தது. விறைத்து நின்ற துணி விலுக்கென்று பின்னால் போக, போட்ட பட்டன்களும் பிய்த்துக்கொண்டன. சட்டை இரண்டு பக்கமும் விரிந்து, உள்ளே பனியன் தெரிய அவர் நின்றார். ஒரு கையால் சட்டையை இழுத்து மூடப் பார்த்தார். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்தது. எங்கோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது.

"வீட்டுக்குப் போலாம்" என்றார்.

சின்னவள் தரையில் மண்டியிட்டு உடைந்த பற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லிப்டுக்குள் பெரியவள்தான் அவருக்கு மீதிப் பட்டன்களைப் போட்டுவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தன் மனைவிக்குப் புத்தகம் தாங்கி செய்த ஒரு காவல்காரரின் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குப் போயிற்று. ஆனால் காவல்காரருக்கு இனிமேல் சனிக்கிழமையும் வேலை என்று மாற்றிவிட்டார்கள். அதனால் டீச்சர் பெரியவளுக்குப் போன் செய்து, "உங்க கை சுத்தம் வேற யாருக்கும் இல்ல. அடுத்த வகுப்புக்கு நீங்களே வாங்க" என்றாள். கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. பெரியவள் போனை வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

மாமனார் அதன்பின் மாலை நடைக்குப் போகவில்லை. சட்டையே கேட்கவில்லை, துண்டைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். சின்னவள் அட்டை, பசை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் பெரியவளிடம் கொடுத்தாள். "எனக்குக் கை வராதுக்கா. பேராசைப்பட்டுட்டேன். இனிமே நீங்களே பாத்துக்கோங்க."

நான்கு நாள் பெரியவள் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே நடமாடினாள். ஐந்தாம் நாள் சமையலறையில் சின்னவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"உன் கைல தப்பில்ல. நான்தான் குறைச்சேன்."

"எதைக்கா?"

"உள்ள நிரப்புற அளவை. அறுபது இருந்துச்சு. அஞ்சாக்கிட்டேன்."

சின்னவள் குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைக்கவே இல்லை.

"என்மேல கோவம்னா என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாமே. மாமா என்ன பண்ணினாரு?"

"கோவமில்லடி." பெரியவள் கழுவிய டம்ளர் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "பொறாமை."

சின்னவள் அவளையே பார்த்தாள். "உங்களைப் பாத்துதான் நான் அங்க வந்தேன்" என்றாள். பிறகு, "மாமாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா கோள் சொன்னாப்பல ஆயிடும்."

மாமனாரிடம் சொன்னாள். அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் மாமா."

தெருவில் இரண்டு மூன்று வண்டிகள் போயின. "அன்னிக்குப் பாத்து கிழிஞ்ச பனியன் போட்டிருந்தேன்" என்றார். அவள் அழுதாள். அவர் தடுக்கவில்லை. "அவளை இன்னொண்ணு செய்யச் சொல்லு. நீ அதுக்குக் கிட்டக்கூடப் போகாத."

நூலகத்துக்குப் போய் டீச்சரிடமும் சொன்னாள். டீச்சர் பென்சிலைத் தேடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். "சோதிக்காம அவரை முன்னாடி நிறுத்தினது என் தப்புதான்" என்றாள். ஆனாலும் மூன்று மாதத்துக்குப் பெரியவள் இயந்திரங்களைத் தொடக்கூடாது என்று பதிவேட்டில் எழுதினாள். அடுத்த வகுப்புக்குச் சின்னவளைக் கூப்பிட்டாள். சின்னவள் முதலில் மறுத்தாள், அப்புறம் போனாள்.

ஒரு மாதம்போல அவள் பெரியவளை "அக்கா" என்று கூப்பிடவில்லை. சொல்ல வேண்டியதைப் பிள்ளைகள் மூலம் சொன்னாள். பிறகு ஒரு நாள் அவசரத்தில் "அக்கா, அந்தக் கதவைச் சாத்துங்க" என்றாள். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

புதுத் தகடு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை சின்னவள் பையை மாட்டிக்கொண்டு வகுப்பெடுக்கக் கிளம்பினாள். எதிர் வீட்டுக்காரி வாசலில் நிறுத்தி, "டீச்சரம்மா, என் மிக்ஸி மூடி ஒண்ணு உடைஞ்சிருக்கு, பாக்கறியா?" என்று கேட்டது உள்ளே வரை கேட்டது. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பழைய எரிச்சல்தான், ஒரு துளிகூடக் குறையவில்லை. இதற்கு வேறு பெயர் சொல்லி அவளால் இனித் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியாது.

மாமனாரின் அறைக் கதவைத் தட்டினாள். "மாமா, உதவி வேணுமா?"

"வேணாம். நாலாவதுல இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அங்கேயே நில்லு."

அவள் கதவுக்கு வெளியே நின்றாள்.