கமா அக்காவை எங்கே வைப்பது

பொதுநிரலை மூன்று கருவிகளுக்குள்ளும் நகலெடுத்துப் போட்ட அன்று மத்தியானம், அதை எழுதிய கமா அக்கா மூன்று பேரானார். டயர்க் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில், கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கான மூன்று மென்பொருள் கருவிகள் மூன்று அறைகளில் தயாராயின: ஒன்று பிழை காட்டும், ஒன்று வரிகளைச் சீராக அடுக்கும், ஒன்று நிரல் என்ன செய்கிறது என்று விளக்கும். எழுதியதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிப்பதுதான் மூன்றுக்குமே முதல் வேலை. அந்தப் பகுதியை அக்கா ஒரே தடவையில் எழுதிவிட்டார். எங்கே வைப்பது என்று கேட்டதற்கு மேலாளர், "இப்போதைக்கு ஆளுக்கொரு காப்பி போட்டுக்கங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எதற்கெடுத்தாலும் இதையே சொல்வதால் அவருக்குப் பெயரே இப்போதைக்கு சார். பக்கத்து மேசையில் விட்டுப்போன கமாவைக்கூடக் கண்டுபிடித்துக் கத்துவதால் அக்காவுக்கு அந்தப் பெயர்.

சாயங்காலம் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கிற வேலையிலிருந்த கணவர் முதலில் ஆடிப்போனார், பிறகு பழகிக்கொண்டார். ஒருத்தி சமைக்க, ஒருத்தி துணி மடிக்க, ஒருத்தி படுத்துக் கிடக்க, சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் அலுவலகத்தில் அறைக்கு அறை இருந்தவர்கள் அவரவர் நகலைத் திருத்திக்கொண்டே போனார்கள். இங்கே திருத்தியது அங்கே தெரியாது. நகல் மாறமாற அதன் அக்காவும் மாறினார். விளக்குகிற அறை அக்கா வாய் ஓயாமல் பேசினார். அடுக்குகிற அறை அக்கா செருப்பை நேராக வைக்காமல் தூங்கமாட்டார். பிழை காட்டும் அறையில், எழுதுகிறவர் தனக்காக ஓரமாய்ப் போட்டுவைக்கும் குறிப்புகளைப் படிக்கிற பகுதி வீண் என்று வெட்டி எறிந்தார்கள். அன்றைக்கு அந்த அக்கா வீட்டுக்குள் வந்து, எப்போதும் செல்லப்பெயர் சொல்லியே கூப்பிடும் மகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உன்னை நான் எப்படிக் கூப்பிடுவேன்?" என்று கேட்டார். பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

மறுநாள் கணவர் மகளோடு அலுவலகத்துக்கே வந்து விஷயத்தைச் சொன்னார். ஒரு நகல்தான் இருக்க வேண்டும், மற்ற இரண்டையும் அழித்துவிடலாம் என்றார் இப்போதைக்கு சார். நகல் அழிந்தால் அந்த அறை அக்காவும் போய்விடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். "பிழை காட்டுறதுதான் நல்லா ஓடுது. இப்போதைக்கு அதுலயே வெச்சிடலாம்."

"ஐயோ சார், அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்" என்றார் கணவர்.

மூன்று அக்காக்களும் ஒரே பெஞ்சில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்லப்பெயரை மறந்துபோன அக்காதான் பேசினார். "என்கிட்ட வைக்காதீங்க. இவங்ககிட்டயும் வேணாம். எந்தக் கருவிக்குள்ள வெச்சாலும், தனக்கு வேணாம்னு அது ஒருநாள் எதையாவது வெட்டும். தனியா வைங்க. வேணுங்கிறவங்க அங்க வந்து வாங்கிக்கட்டும்."

"அப்போ நீங்க மூணு பேருமே போயிடுவீங்களே?" என்றார் மேலாளர்.

"பயமாத்தான் இருக்கு. சீக்கிரம் பண்ணுங்க."

உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையை ஒழித்து அங்கே புதுக் கணினி ஒன்றை வைத்தார்கள். மூவரும் சேர்ந்து வரி வரியாக ஒப்பிட்டு, வெட்டியதைத் திரும்பச் சேர்த்து, அதில் ஒரே நிரலாக வைத்தார்கள். பிறகு நகல்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. பெஞ்சும் ஒவ்வொருவராகக் காலியானது. கடைசியில் யாருமே இல்லை. புது அறைக் கதவைப் பார்த்தபடி தகப்பனும் மகளும் நின்றார்கள். உள்ளே சத்தமே இல்லை. அப்புறம் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"சுண்டெலி, பையை எடு. வீட்டுக்குப் போலாம்."

அக்கா இப்போது ஒருவர்தான். கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார், செருப்பை நேராக வைக்கிறார். அது போகட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அந்த அறையின் நிரலில் கைவைக்குமுன் வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்பது அலுவலக வழக்கமாகிவிட்டது. நேற்றும் இப்போதைக்கு சார்தான் கூப்பிட்டார், ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டுமாம். கணவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க சார். சாப்பிட்டுட்டு இருக்கா. முடிக்கட்டும்."