ஈயத்துக்குப் பழகியவை

என் கணவர் கொளஞ்சியப்பன் கடலூரில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஷெட்டில் வேலை பார்த்தார். வயிற்றுவலி அவரை விட்டு நீங்கியதே இல்லை. ஷெட்டில் அதற்கு மருந்தும் வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி. உள்ளே போன தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பது மேஸ்திரி அந்தோணிசாமியின் நம்பிக்கை.

போன வருடம் சிதம்பரத்திலிருந்து சிந்துஜா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். ஈயத்தில் வேலை செய்பவர்களின் குடலில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்று பார்க்கிறாளாம். ஆளுக்கொரு டப்பா கொடுத்து மலம் எடுத்துவரச் சொன்னாள். மற்றவர்கள் கூசினார்கள். இவர் மட்டும் மறுநாளே டப்பாவை நீட்டினார்.

"படிச்சவங்க நம்மகிட்ட கேட்டு வாங்கிட்டுப் போறது இது ஒண்ணுதாம்மா. பத்திரமா வெச்சிக்க."

பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். சிறுநீரகம் கெட்டு அவர் இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு போன் செய்தாள். அவருடைய கிருமிகள் ஆய்வுக்கூடத்தில் உயிரோடு இருக்கின்றனவாம். தொடர்ந்து வளர்க்க வீட்டார் சம்மதம் வேண்டுமாம்.

என் தம்பி இளவரசுவும் அதே ஷெட்டில்தான் இருந்தான். அவனை அங்கிருந்து கிளப்ப அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், சோறு போடாமலும் பார்த்தேன். "மாமாவுக்கு கிட்னி வீக்கு. எனக்கு என்னா?" என்பான். இந்தப் போன் வந்ததும் அவனுக்குப் புதுத் தெம்பு.

"ஆளு போயும் அவரு கிருமி நிக்குது பாத்தியாக்கா! வயிறுன்னா அது வயிறு!"

ஷெட் முழுக்கச் சொல்லிவிட்டு என்னோடு சிதம்பரம் பஸ் ஏறினான்.

சிந்துஜா இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் காட்டினாள். இரண்டிலும் ஈயம் கலந்த உணவு. ஈயமே தொடாத ஒருவரின் கிருமிகளை வைத்த தட்டு வெறுமையாக இருந்தது. இவருடையதில் வெள்ளைப் புள்ளிகள் மண்டிக் கிடந்தன.

"நான் சொல்லல?" என்றான் இளவரசு.

"இல்லண்ணே. அவருக்கு நல்லது செஞ்ச கிருமிங்க நெறைய செத்துப்போச்சு. ஈயத்தத் தாங்குறது மட்டும் மிஞ்சிப் பெருகிடுச்சு. அதுங்க பொழைச்சிக்கும். அதால அவருக்கு ஒரு லாபமும் இல்ல."

எனக்கு அந்தப் புள்ளிகளின் மேல் கோபம் வந்தது. இத்தனை வருடம் சோறு போட்டவருக்கு அந்த வித்தையை அவை கற்றுக்கொடுக்கவில்லை.

தம்பி காதில் எதுவும் ஏறவில்லை. "நல்லா பாத்துக்குங்க மேடம். சாப்பாடு என்னா குடுக்குறீங்க?"

"கொஞ்சம் சத்து, கொஞ்சம் ஈயம். ஈயம் போடலன்னா நாளாவட்டத்துல அந்தப் பழக்கம் விட்டுப்போயிடும்."

அவன் முகம் மாறியது. "இன்னுமா அவர ஈயத்துல போட்டு வெச்சிருக்கீங்க? செத்த மனுசன் மேடம்! நிறுத்துங்க மொதல்ல."

"அண்ணே, இது வெறும் கிருமி..."

"கிருமின்னா? அதுக்கு வலிக்காதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர் போன பிறகு முதல் தடவையாக. "டேய், அதுங்களுக்கே ஈயம் ஆவாதுன்னா, ஒனக்கு மட்டும் ஆவுமா?"

நான் சம்மதம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. தம்பி மேஸ்திரிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நாளையிலேருந்து நான் வரல. எங்க மாமாவுக்கு ஒத்துக்கல."

அந்தோணிசாமி கத்தியது எனக்கே கேட்டது. "ஒங்க மாமாதான் செத்துட்டாரேடா!"

"அதுக்குன்னு?" என்று சொல்லிப் போனை வைத்தான்.